குருநகர்க் கோயிலும் கோட்டைத் தேவாலயமும்

யாழ்ப்பாணக் கோட்டைக்குள் ஒல்லாந்தர் 1706இல் சிலுவை வடிவில் கட்டிய குருய்ஸ் கெர்க் தேவாலயம் இன்று வெறும் கற்குவியல். அங்கிருந்து கடற்கரையோரமாக நடந்தே போய்விடக்கூடிய குருநகரில் புனித யாகப்பர் கோயில் நிமிர்ந்து நிற்கிறது. கோட்டைத் தேவாலயம் உள்நாட்டுப் போரில் கோட்டைமீது நடந்த 1990 முற்றுகையிலும் அதையடுத்த ஆண்டுகளிலும் சிதைந்தது. யாகப்பர் கோயில்மீது 1993 நவம்பர் 13 அன்று விமானப்படை குண்டு வீசியது, உயிர்களும் போயின. இரண்டையும் உடைத்தது போர்தான். ஒன்று எழுந்தது, மற்றது எழவில்லை. பணம், அரசியல், கோட்டை யார் வசம் இருந்தது என்று காரணங்களை அடுக்கலாம், அவற்றிலும் உண்மையுண்டு. ஆனாலும் குருநகரில் ஒரு பங்கு இருந்தது என்பதே முதற்காரணம் என்பேன். பழைய கரையூரின் கடற்றொழிலாளர் குடும்பங்களுக்கு ஞானஸ்நானமும் கல்யாணமும் அடக்கப் பூசையும் அங்கேதான். 1795இல் ஒல்லாந்தர் ஆட்சி முடிந்தபின் கோட்டைத் தேவாலயத்தின் சபை மெல்ல மெல்லக் கரைந்துபோனது. இடிந்தபோது அதைத் தன்னுடையதென்று கேட்க ஊரில் ஆளில்லை.

திரும்பக் கட்டியது எப்படிப் பழஞ்சின்னமாகும் என்று தொல்லியல் அறிந்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதிலாக ஓர் உதாரணம் சொல்கிறேன். நோர்வேயின் மேற்குக் கரைக்கு அப்பால் கிறிப் என்றொரு மீன்பிடித் தீவு இருக்கிறது. அங்கே 15ஆம் நூற்றாண்டில் எழுந்த மரக்கோயில், மதச் சீர்திருத்தத்துக்குப் பின் லுத்தரன் கோயிலாயிற்று. 17ஆம் நூற்றாண்டில் அதைப் பெரிதாகப் பழுதுபார்த்தார்கள். உப்புக்காற்றில் பலகை மாற்றாமல் எந்த மரக்கோயிலும் தப்பாது. அதற்காக அதன் தொன்மையை யாரும் மறுப்பதில்லை. உடனே இன்னொரு மறுப்பு வரும்: 1974இல் நிரந்தரக் குடியிருப்பே அற்றுப்போன தீவில் கோயில் மட்டும் எப்படி நிற்கிறது? குடிபெயர்ந்தாலும் உறவு விடவில்லை. கோடையில் படகேறி வருகிறார்கள், வழிபாடு நடக்கிறது. பங்கு என்பது வீட்டு முகவரிகளின் பட்டியல் அல்லவே!

ஆனால் பலகை பலகையாக மாற்றுவதும் குண்டுக்குப் பின் கட்டியெழுப்புவதும் ஒன்றல்ல. பின்னதில் பழைய கைவேலை பெரும்பாலும் போய்விடுகிறது. இந்த இழப்பைப் பங்கின் உயிர்ப்பு ஈடுசெய்யாது. ஆகவே குருய்ஸ் கெர்க்கைப் புதிதாகக் கட்டவேண்டாம். வழிபட ஆளில்லாத இடத்தில் அது கோயிலின் பொம்மையாகவே இருக்கும். கிடக்கும் கற்களை இருந்தபடியே காத்து, அளந்து, பதிவுசெய்தால் போதும். குருநகரார் செய்யவேண்டியது வேறு: 1993க்கு முந்திய யாகப்பர் கோயிலின் படங்கள், கல்யாண ஆல்பத்தில் பின்னணியாக விழுந்தவைகூட, கனடாவிலோ பிரான்சிலோ யாரிடமாவது இருந்தால், பிரதியெடுத்துப் பங்குக்கு அனுப்புங்கள்.