சொம்பு போன வழி

இன்றைக்கு ஒருவரைச் 'சொம்பு' என்றால் அது வசவு. தலைவருக்கோ நடிகருக்கோ முதலாளிக்கோ ஓயாமல் ஜால்ரா போடுகிறவர் என்று பொருள். 'சொம்படிக்கிறான்', 'சொம்பு தூக்குறான்' என்று வினையாகவும் புழங்குகிறது. வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் நீட்டுகிற பாத்திரம், நூல் சுற்றி மாவிலை வைத்துக் கலசமாகக் கும்பிடுகிற பாத்திரம், எப்படி இந்தக் கதிக்கு வந்தது? இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடையில் கேட்டேன். கடைக்காரர் சொம்புகளையே எடுத்து வரிசையாக வைத்தார். பித்தளைச் சொம்பு, எவர்சில்வர் சொம்பு. அப்புறம், "இது செம்புச் சொம்பு சார். இப்ப இதுக்குத்தான் கிராக்கி." செம்பு என்ற உலோகத்தின் பெயரே பாத்திரத்துக்கு ஆகி, பேச்சில் சொம்பாகத் திரிந்து, பித்தளைக்கும் எவர்சில்வருக்கும் பொதுப்பெயராகப் பரவிவிட்டது. அதனால்தான் செம்பில் செய்ததைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வசவைப் பற்றிக் கேட்டபோது அவருக்குப் பதில் தயாராக இருந்தது. "பஞ்சாயத்துல நாட்டாமை பக்கத்துல சொம்போட ஒருத்தன் நிப்பான்ல, அதான்." வேறு பலரும் இதையே சொன்னார்கள். ஆலமரம், ஜமுக்காளம், சொம்பு என்று அந்தக் காட்சியைச் சினிமா நம் கண்ணில் பதித்துவிட்டது. அப்படிப் பார்த்தால் பழி சொம்பின் மேல் விழவில்லை, அதைத் தூக்கி நின்ற கையின் மேல் விழுந்திருக்கிறது.

வடக்கே போனால் கதை வேறு. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் லோட்டா என்றால் விளிம்பு வைத்த டம்ளர். இந்தியில் லோட்டா என்பது ஏறக்குறைய நம் சொம்பு. அந்தக் காலத்து வழிப்போக்கர்கள் லோட்டாவும் கயிறுமாகத்தான் ஊரைவிட்டுக் கிளம்புவார்கள். லோட்டாவின் கழுத்தில் சுருக்குப் போட்டு எந்தக் கிணற்றிலும் இறக்கலாம். பழைய லோட்டாக்களுக்கு அடி உருண்டையாக இருக்கும். மூலை முடுக்கு இல்லாததால் சாம்பல் போட்டுத் தேய்த்தால் அழுக்குத் தங்காது. மண்தரையில் அழுந்தி உட்காரும். வழவழப்பான தரையில் லேசாகத் தட்டினாலும் எந்தப் பக்கமும் உருளும். இந்த உருளலைப் பிடித்துக்கொண்டுதான் 'அடியில்லாத லோட்டா' என்ற சொலவடை பிறந்தது. நிலையில்லாத ஆளை அப்படிச் சொல்வார்கள். பாகிஸ்தானில் அது கட்சி தாவுகிறவரின் பட்டப்பெயராகவே ஆகிவிட்டது. அங்கே லோட்டா என்றால் பெரும்பாலும் கைகால் கழுவுகிற மூக்குவைத்த பாத்திரம். 2022 ஏப்ரலில் லாகூரில் பஞ்சாப் சட்டமன்றத்துக்குள் உறுப்பினர்கள் துணை சபாநாயகர் மேல் லோட்டாக்களை வீசி எறிந்தார்கள்.

இந்தத் தேடலில் என்னை உலுக்கியது 1855. பீகாரில் ஆரா, முசாபர்பூர் சிறைகளில் கைதிகளின் பித்தளை லோட்டாக்களைப் பிடுங்கிக்கொண்டு, மண்பாத்திரம் கொடுக்க உத்தரவானது. பித்தளையை ஆயுதமாக்கலாம் என்ற பயம் அதிகாரிகளுக்கு இருந்தது. கல்கத்தாவின் அலிப்பூர் சிறையில் அதிகாரி ஒருவர் முன்பே அப்படிக் கொல்லப்பட்டிருந்தார். கைதிகளுக்கோ அது சாதியும் ஆசாரமும் சம்பந்தப்பட்ட விஷயம். பித்தளை தீட்டுப்பட்டால் தேய்த்துக் கழுவிச் சுத்தம் செய்யலாம், மண்பாத்திரத்துக்கு அது முடியாது. கலவரம் வெடித்தது. முசாபர்பூரில் வெளியே இருந்த மக்களும் கைதிகளுக்காகத் திரண்டார்கள். கடைசியில் லோட்டாவைத் திருப்பிக் கொடுத்தார்கள். 1857 கிளர்ச்சிக்கு இரண்டே வருஷம் முன்னால் நடந்த இந்த நிகழ்ச்சி நம் பாடப்புத்தகங்களில் இன்னும் விரிவாக வரவேண்டும் என்பது என் ஆசை. தண்ணீர் குடிக்கிற பாத்திரத்துக்காகச் சிறைக்குள் இருந்தவர்கள் அரசாங்கத்தையே பணிய வைத்திருக்கிறார்கள்.

நூறு வருஷம் கழித்து, 1958-இல், இந்திய அரசு அழைத்து வந்த அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி தங்கள் அறிக்கையில் லோட்டாவைத்தான் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். யார் வடித்தது என்று ஒரு பெயரைச் சொல்ல முடியாதபடி, தலைமுறை தலைமுறையாகக் கைபட்டு உருவான வடிவம் என்று அதை மதித்தார்கள். அந்த அறிக்கையின் வழியில்தான் 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறந்தது.

கன்னடத்திலும் சொம்பு சொம்புதான். ஆனால் அங்கே 'சொம்பு கொடுத்தான்' என்றால் ஏமாற்றிவிட்டான், வெறுங்கையோடு அனுப்பிவிட்டான் என்று அர்த்தம். 2024 மக்களவைத் தேர்தலில் கர்நாடகக் காங்கிரஸ் இதையே பிரசாரமாக எடுத்தது. மத்திய அரசு மாநிலத்துக்குக் கொடுத்தது காலிச் சொம்பு என்று பத்திரிகைகளில் பக்கம் முழுக்கச் சொம்புப் படத்தோடு விளம்பரம் வந்தது.

ஆக, இந்திக்காரர் அடியைப் பார்த்தார், கன்னடக்காரர் உள்ளே இருந்த வெறுமையைப் பார்த்தார், நாம் தூக்கிய கையைப் பார்த்தோம். மூன்று வசவிலும் தண்ணீர் மட்டும் இல்லை. அந்தக் கர்நாடகத் தேர்தல் மேடையில், பா.ஜ.க.வோடு கூட்டணியில் இருந்த முன்னாள் பிரதமர் தேவகவுடா பதிலுக்கு, காங்கிரஸ் விட்டுப்போன காலிச் சொம்பை மோடி அட்சய பாத்திரமாக்கினார் என்றார். அரசியல் எப்படியும் இருக்கட்டும். வசவாகவே கையில் கிடைத்த சொம்பைப் பேச்சிலாவது ஒருவர் நிறைத்து வைத்தார், எனக்கு அது பிடித்திருந்தது.