பழைய கருவியும் பார்த்து வாங்கும் முறையும்

வீட்டுச் சுவரையே வெண்திரையாக்கிப் படம் பார்க்கவும் விளையாடவும் பிள்ளைகள் புரொஜெக்டர் கேட்கின்றனர். புதியதற்குப் பொருள்வசதி இடந்தராதபோது, இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வாழும் நாம், பழையதைத் தேடிப் பர்மா பஜாருக்கும் ரிச்சி தெருவுக்கும் செல்கிறோம். இதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை. 1905இல் திருச்சியில் சாமிக்கண்ணு வின்சென்ட், டூபான் என்னும் பிரெஞ்சுக்காரரிடம் வாங்கியதும் பயன்படுத்திய கருவியே. அதைக் கொண்டே அவர் ஊர் ஊராகப் படம் காட்டினார்.

இருட்டறையின் சிறு துளை வழியே வரும் ஒளியை ஆராய்ந்து, ‘கிதாபுல் மனாழிர்’ வரைந்த இப்னுல் ஹைதம், எதனையும் சோதித்தே ஏற்றார். வாங்குவோர்க்கும் அதுவே நெறி. கருவியை அரைமணி நேரமேனும் ஓடவிட வேண்டும். விளக்கின் ஆயுள் என்று குறிக்கப்படுவது, பெரும்பாலும் ஒளி பாதியாகக் குறையும் வரையுள்ள மணிக்கணக்கேயாகும். எரிந்த மணிகளைக் கருவியே காட்டும். ஆயினும் அக்கணக்கைச் சுழியாக்கிவிட இயலுமாதலால், அதை மட்டும் நம்பலாகாது. வெறும் வெள்ளை ஒளியைச் சுவரில் விழச்செய்தால் மஞ்சள் திட்டும் அசையாப் புள்ளியும் வெளிப்பட்டுவிடும். 1080 வரிப் படத்தை ‘ஏற்கும்’ என்பது வேறு. அத்தனை வரிகளையும் உள்ளவாறே காட்டுவது வேறு. விளையாட்டுக்கோ, பொத்தானை அழுத்தியதும் படம் அசைய வேண்டும். மாற்று விளக்கின் விலையையும் முன்னரே கூட்டிப் பார்ப்பது நலம்.

குறையை மறைத்து விற்ற பொருளைத் திருப்பும் உரிமையைப் பிக்ஹு நூல்கள் ‘கியாருல் ஐப்’ என்கின்றன. அவ்வுரிமையை ரசீதிலும் எழுதி வாங்குவோம். நாளை அக்கருவியை நாமே விற்க நேர்ந்தால், அதன் குறைகளை வாங்குபவர் கேட்குமுன் சொல்லிவிடுவதும் நம் கடமையே.