ஏரி மீனும் முதல் போட்டவரும்

ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறவர்களுக்கு ஏரி என்பது ஜன்னலில் அரை நிமிஷம் தெரியும் ஒரு சமாச்சாரம். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், ஒரகடம் என்று தொழிற்சாலைகளுக்கு நடுவிலேயே ஏரிகளும் இருக்கின்றன. காலை ஷிஃப்ட்டுக்குப் போகும்போது கண்ணில் படும். நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கி வழிந்துகொண்டு வரும்போது அதுவும் படாது.

அந்த பஸ்ஸில் ஒரு இளைஞர். கணக்குப் பதிவியல் புத்தகத்தில் வருவது போல அவரை 'திரு. அ' என்று வைத்துக்கொள்வோம். லீவு நாளில் செல்போனில் ஒரு வீடியோ பார்க்கிறார். எங்கோ அமெரிக்காவில் ஒருவர் முழங்கால் தண்ணீரில் நின்று, நரம்பைச் சாட்டை மாதிரி வீசி, பெரிய கெண்டை ஒன்றைப் பிடிக்கிறார். அதற்கு ஃப்ளை ஃபிஷிங் என்று பெயராம். அவ்வளவுதான், ஆசை வந்துவிட்டது!

சரி, அது என்ன ஃப்ளை ஃபிஷிங்? நம்ம ஊர் தூண்டிலில் முள்ளில் மண்புழு, மேலே தக்கை, வேண்டுமானால் ஒரு ஈயக்குண்டு. ஃப்ளையில் நிஜ இரையே கிடையாது. முள்ளின் மேல் இறகும் நூலும் சுற்றிப் பூச்சி மாதிரி செய்திருப்பார்கள். அதற்கு எடை என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது. எடை இல்லாததை எப்படித் தூரமாக வீசுவது? அதனால் எடையை நரம்பிலேயே வைத்துவிட்டார்கள். தடித்த நரம்பு முதுகுக்குப் பின்னால் போய் நேராக நீளும் வரை பொறுத்திருந்து, பிறகு முன்னால் வீச வேண்டும். புதிதாகப் பழகுகிறவர் செய்யும் முதல் தப்பு அவசரம். நரம்பு நீளுவதற்குள் இழுப்பார். முள் கரையிலிருக்கும் சீமைக்கருவேல மரத்தில் மாட்டும், இல்லையென்றால் சொந்தச் சட்டையில் :)

இரண்டாவது தப்பு, கெண்டை என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பது. கட்லா தண்ணீரின் மேல்மட்டத்தில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும். ரோகு நடுவில் மேயும். மிர்கால் அடியில். கட்லாவுக்குப் போய் இறகுப் பூச்சியைக் காட்டினால் அது பெரும்பாலும் திரும்பியே பார்க்காது. ஃப்ளைக்கு ஏற்றது மீசை வைத்த சாதா கெண்டை. சேற்றைக் கிளறி, புழுவையும் பூச்சிக் குஞ்சுகளையும் உறிஞ்சித் தின்னும். அதற்கு வாயில் பல் இல்லை, தொண்டையில்தான் பல். உறிஞ்சிப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் நொடியில் துப்பிவிடும். காதும் கூர்மை. கெண்டை இனத்துக்குக் காற்றுப்பையையும் உள்காதையும் இணைக்கும் குட்டி எலும்புகள் உண்டு. கரையில் தொம் தொம் என்று நடந்தாலே போச்சு.

ஆகவே முதலில் வீசக் கூடாது, உட்கார வேண்டும். எங்கே குமிழி வருகிறது, எங்கே தண்ணீர் திடீரென்று கலங்குகிறது என்று பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் ஏரியே கலங்கலாக இருந்தால் மீனும் தெரியாது, மீனுக்கு ஃப்ளையும் தெரியாது. அப்போது பக்கத்தில் மூங்கில் கழி, மயிலிறகுத் தண்டுத் தக்கை, கோதுமை மாவு உருண்டையோடு உட்கார்ந்திருக்கும் பெரியவர்தான் ஜெயிப்பார். நம்ம ஊர் ஏரியில் தூண்டில் போடுவதைப் பற்றி மெட்ராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் 1887-லேயே 'டேங்க் ஆங்க்லிங் இன் இந்தியா' என்று தனிப் புத்தகமே போட்டிருக்கிறார்!

திரு. அ-வும் போனார். இரண்டு லீவு வீண். மூன்றாவது லீவில் கரை மேல் ஒரு பைக் வந்து நின்றது.

"தம்பி, யாரைக் கேட்டுப் போடுறீங்க? ஏரி குத்தகைக்கு எடுத்திருக்கேன்."

"ஏரி மீன்தானேண்ணே... அதுவா வளருது?"

"அதுவா வளருதா? குஞ்சு வாங்கி விட்டது யாருன்னு நினைச்சீங்க?"

காமர்ஸ் படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் ஓடும் ஆற்றில் மழைக்காலத்தில் முட்டையிடுபவை. தேங்கிய ஏரியில் சாதாரணமாக முட்டையிடாது. முன்பெல்லாம் பெரும்பாலும் ஆற்றில் குஞ்சுகளை அள்ளித்தான் கொண்டுவருவார்கள். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும் பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசியில் ஏற்றிக் கெண்டைகளை முட்டையிட வைத்தார்கள். அந்த நாள்தான் இன்றைக்கு தேசிய மீன் வளர்ப்போர் தினம். மீன் பண்ணைகளில் குஞ்சு விலைக்குக் கிடைப்பதற்கு அதுதான் ஆரம்பம். சாதா கெண்டை மட்டும் விதிவிலக்கு, தேங்கிய நீரிலும் பாசிச் செடிகளில் முட்டை வைக்கும்.

அப்படியானால் ஏரியில் துள்ளும் கட்லா யாரோ ஒருவர் போட்ட முதல். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் சரக்கிருப்பே நீந்திப் போய்விடும். மழை பொய்த்தால் குட்டை வற்றுவதற்குள் வந்த விலைக்கு வலை போட்டு விற்றாக வேண்டும். ஷிஃப்ட்டுக்குப் போனால் மாதம் பிறந்ததும் சம்பளம் வரும். குத்தகைக்காரருக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

திரு. அ தூண்டிலைச் சுருட்டினார். "தெரியாம வந்துட்டேன்ணே, மன்னிச்சுக்குங்க." அண்ணன் கொஞ்ச நேரம் அந்த இறகுப் பூச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "இதையா மீன் தின்னும்? சரி, அந்த மதகு பக்கம் மட்டும் போடுங்க. கட்லா மாட்டினா விட்டுடணும். ஆழத்துல இறங்கக் கூடாது, சேறு உள்ளே இழுத்துடும்."

அன்றைக்கும் ஒன்றும் மாட்டவில்லை. முதலீட்டுக்கு வருமானம் பூஜ்யம்தான் :)

ஆனால் மறுநாள் பஸ்ஸில் திரு. அ தூங்கவில்லை. அரை நிமிஷம் ஏரி வந்தது. மதகு பக்கம் தண்ணீர் கலங்கியிருந்தது.