கோவில் பிக்கப் ஏன் விடிகாலையில மட்டும் மக்கர் பண்ணுச்சு?

ஓம் நமோ நாராயணாய.

நம்ம கோவில் பிக்கப்பை விக்கப் போறாங்களாமேன்னு நிறைய பேர் கேட்டீங்க. விக்கல. ரிப்பேர் ஆயிடுச்சு. உங்க உண்டியல் காசு சம்பந்தப்பட்ட விஷயம்ங்கிறதால, நடந்ததை முழுசா எழுதுறேன். பழைய டீசல் வண்டி வச்சிருக்கிறவங்களுக்கும் உதவும்.

வண்டி 2007 டொயோட்டா ஹைலக்ஸ், 2.5 டீசல். புரட்டாசி சனிக்கிழமைன்னா விடிகாலை 4 மணிக்கு கிள்ளான்ல கிளம்பணும். செலாயாங் பாசார் போரோங்ல காய்கறி, திரும்பும்போது பிரிக்பீல்ட்ஸ்ல பூ, 7 மணிக்குள்ள மடப்பள்ளி. வண்டி நின்னா அடுப்பு நின்ன மாதிரி.

ஆனா அந்த 4 மணிக்குத்தான் மக்கர். சாவியைப் போட்டா ரொம்ப நேரம் சுத்தும், வெள்ளைப் புகை கக்கும், குலுங்கிக்கிட்டு எடுக்கும். மதியம் எடுத்தா உடனே ஸ்டார்ட். ஒரு போர்மன் கிட்ட காட்டினோம். ஹீட்டர் பிளக் நாலும், ரிலேயும், பேட்டரியும் மாத்தணும், 1,400 வெள்ளி ஆகும்னு சொன்னார். கமிட்டியில பாதி பேர் "இனி செலவு பண்ண வேணாம், வித்துடலாம்"னாங்க. 1,400 வெள்ளின்னா அம்மாமார் அஞ்சு பத்துன்னு போட்ட காசு. அளந்து பார்க்காம கொடுக்கக்கூடாதுன்னு நான் ஒரு வாரம் டைம் கேட்டேன்.

முதல்ல ஹீட்டர்னா என்னன்னு சொல்லிடுறேன். குளிர் நாட்டு வண்டியில ஆளுக்கு அனல் காத்து விடுற ஹீட்டர் வேற. நம்ம ஊர்ல டீசல் வண்டி ஹீட்டர்னா ஹீட்டர் பிளக்தான். டீசல் இன்ஜின்ல தீப்பொறி பிளக் கிடையாது. காத்தை சுமார் 18 மடங்கு அழுத்தும்போது வர்ற சூட்டுலயே டீசல் பத்திக்கும். இன்ஜின் ஆறிப்போயிருந்தா அந்த சூடு குறையும். அப்ப கைகொடுக்கிறதுதான் ஹீட்டர் பிளக். சிலிண்டருக்கு ஒண்ணு, மொத்தம் நாலு.

எவ்வளவு நேரம் சூடாக்கணும், எவ்வளவு டீசல் ஊத்தணும்னு முடிவு பண்றது இன்ஜின் கம்ப்யூட்டர். அது இன்ஜின் தண்ணி சூட்டை அளக்கிற சென்சாரை நம்பித்தான் முடிவு பண்ணும். சென்சார் "இன்ஜின் சூடா இருக்கு"ன்னு பொய் சொன்னா, நல்ல ஹீட்டருக்கும் வேலை வராது.

நான் வேலை செய்யிற ஃபேக்டரியில ஓவன் சூடாகலைன்னா, எடுத்த எடுப்புல ஹீட்டரைக் கழட்ட மாட்டோம். சென்சார் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். அதே முறைதான் இங்கயும்.

ராத்திரி முழுக்க நிறுத்தி வச்சிட்டு, விடிகாலையில ஸ்கேனர் மாட்டி, இன்ஜினை எடுக்காம சாவியை மட்டும் ஆன் பண்ணேன். ஆறின இன்ஜின்ல தண்ணி சூடும், உள்ள வர்ற காத்து சூடும் ஏறக்குறைய ஒண்ணா இருக்கணும். காத்து 25 டிகிரி காட்டுச்சு. தண்ணி 71 டிகிரி! ராத்திரியெல்லாம் வெளியில நின்ன வண்டி. டேஷ்போர்டுல எச்சரிக்கை விளக்கும் இல்ல. 71ங்கிறது ஓடுற வண்டிக்கு நடக்கக்கூடிய அளவுதானே, கம்ப்யூட்டர் சந்தேகப்படல.

அப்புறம் சென்சார் பிளக்கைக் கழட்டி மல்டிமீட்டர் வச்சேன். இந்த சென்சார் ஆறியிருந்தா தடை அதிகம், சூடானா குறையும். 25 டிகிரியில சுமார் 2,000 ஓம், 80 டிகிரியில சுமார் 300 ஓம் வரணும். (இது நம்ம ஓம் இல்ல, மின்தடை அளவு.) நம்ம வண்டியில ஆறின இன்ஜின்ல வந்தது 440. வயர் நல்லாத்தான் இருந்துச்சு, சென்சார்தான் கெட்டுப்போச்சு.

ஹீட்டரையும் விடல. நாலு பிளக்கையும் சேர்க்கிற பட்டையைக் கழட்டி ஒவ்வொண்ணா அளந்தேன். நல்ல பிளக் 1 ஓம் பக்கம் காட்டும், அறுந்தது ஒண்ணும் காட்டாது. மூணு நல்லது, ஒண்ணு அவுட். டேஷ்போர்டுல சுருள் விளக்கு எரியிறதை வச்சு ஹீட்டர் நல்லாருக்குன்னு நினைச்சிடாதீங்க. அது கம்ப்யூட்டர் கணக்கைத்தான் காட்டும், பிளக் சூடாச்சான்னு அதுக்குத் தெரியாது.

சென்சார் ஒண்ணு, பிளக் ஒண்ணு, கொஞ்சம் கூலண்ட். எல்லாம் சேர்த்து 180 வெள்ளி. ரசீது கோவில் ஆபீஸ்ல இருக்கு, யார் வேணும்னாலும் பார்க்கலாம். மறுநாள் விடிகாலை ஸ்கேனர்ல காத்து 25, தண்ணி 26. சாவியைத் திருப்பினதும் எடுத்துடுச்சு.

நீங்களே செய்யிறதா இருந்தா ரெண்டு விஷயம் ஞாபகம் வச்சுக்குங்க. சென்சாரைக் கழட்டினா கூலண்ட் கொட்டும், அதனால இன்ஜின் நல்லா ஆறின பிறகுதான் கை வைக்கணும். ஹீட்டர் பிளக் பழசா இருந்தா உள்ளயே உடைஞ்சிடும். துரு எண்ணெய் ஊத்தி ஊறவிட்டு மெதுவா திருப்புங்க. பலம் போட வேணாம். சந்தேகமா இருந்தா போர்மன் கிட்டயே கொடுங்க. ஆனா "அளந்து பார்த்தீங்களாண்ணே, எவ்வளவு காட்டுச்சு?"ன்னு கேளுங்க. அப்படிக் கேக்கிறதுல மரியாதைக் குறைவு ஒண்ணும் இல்ல. வயசான வண்டின்னாலே எல்லாத்தையும் மாத்தணும்னு ஒரு நினைப்பு நம்ம எல்லாருக்குமே இருக்கு.

மிச்சமான 1,220 வெள்ளி அன்னதானக் கணக்குலயே இருக்கு. அரிசி, பருப்புக்குப் போகும்.

வர்ற சனிக்கிழமை காய் இறக்க நாலு பேர் வேணும். விடிகாலை 6.30க்கு மடப்பள்ளி பின்வாசலுக்கு வந்துடுங்க. வண்டி கண்டிப்பா வந்திரும்.

கோவிந்தா, கோவிந்தா.