ஆஃப் பண்ணியாச்சு

கட்டுமானத் தளத்தில் எனக்கு மிகவும் பயமான தமிழ்ச்சொல் ‘பண்ணியாச்சு’. “ஆஃப் பண்ணியாச்சு சார்.” “பூட்டு போட்டாச்சு சார்.” யார் பண்ணியது, எப்போது, எந்த போர்டில் என்று எதுவுமே அந்த வாக்கியத்தில் இருக்காது. வேலை தானாகவே நடந்து முடிந்துவிட்ட மாதிரி ஒரு தொனி. வீட்டில் “சாப்பிட்டாச்சு” என்றால் யார் சாப்பிட்டார்கள் என்று விசாரிக்க வேண்டியதில்லை. 400 வோல்ட் போர்டுக்கு முன்னால் நிற்கும்போது விசாரித்தே ஆகவேண்டும்.

நான் சிங்கப்பூரில் பிறந்து, இங்கேயே பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்தவன். ஐந்து வருடமாகக் கட்டுமானத் தளங்களில் மின்வேலைப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் குழுவில் பாதிக்குமேல் தமிழ்நாட்டுக்காரர்கள், மீதியில் பெரும்பாலோர் பங்களாதேஷ்காரர்கள். தமிழ் பேசும் இன்ஜினியர் என்பதால், காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் சேஃப்டி ஆபிசர் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. சம்பளத்தில் சேராத வேலை. ஆனால் தொழிலைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்தப் பத்து நிமிடங்களில் தெரிந்துகொண்டதுதான்.

கட்டுமானத்துக்கு வரும் எல்லா வெளிநாட்டுத் தொழிலாளியும் ‘சேஃப்டி கோர்ஸ்’ பாஸ் பண்ணவேண்டும். தமிழிலேயே நடக்கிறது, குறித்த கால இடைவெளியில் திரும்ப உட்காரவும் வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது சிமெண்ட் வேலைக்காரர், கம்பி கட்டுபவர், எலெக்ட்ரீஷியன் எல்லோருக்கும் பொதுவானது. எலெக்ட்ரீஷியனுக்கென்று தனியாகத் தேவைப்படுவதை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்காக நான் முன்பு இருந்த ஓரிடத்தில் ஆங்கில ஸ்லைடுகளை யாரோ தமிழில் மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தார்கள்.

அதில் ஒரு வரி: “பணியைத் தொடங்கும் முன் மின்சாரத்தைத் தனிமைப்படுத்தவும்.” வாசித்துக் காட்டியதும் பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார், “கரண்டுக்கும் கொரோனாவா சார்?” எல்லோரும் சிரித்தார்கள். 2020 ஏப்ரலில் டார்மிட்டரிகள் மூடப்பட்டபோது உள்ளே இருந்தவர்கள் அவர்கள். ‘தனிமைப்படுத்தல்’ அவர்களுக்கு எதைக் குறிக்கும் என்று மொழிபெயர்த்தவர் யோசித்திருக்கவில்லை. இன்னொரு வரியில் “மின்தடையை உறுதி செய்யவும்” என்று இருந்தது. பத்திரிகைத் தமிழில் மின்தடை என்றால் கரண்ட் கட். பள்ளிப் பாடப்புத்தகத்தில் அதே சொல் ரெசிஸ்டன்ஸ். எதை உறுதி செய்ய?

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. ஸ்லைடைத் திருத்திவிடலாம். கையில் படிந்திருக்கும் பழக்கத்தைத் திருத்துவது வேறு விஷயம். எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர், பட்டுக்கோட்டைப் பக்கம். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் ஐடிஐ-யில் வயர்மேன் படித்துவிட்டு, சென்னையில் டெஸ்ட் அடித்து வந்தவர். அவர் படித்த பாடத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ், கருப்பு நியூட்ரல். சிங்கப்பூரிலும் அப்படித்தான் இருந்தது. 2009 மார்ச் 1 முதல் இங்கே நிறம் மாறியது: பேஸ் மூன்றும் பழுப்பு, கருப்பு, சாம்பல், நியூட்ரல் நீலம். அதாவது தொட்டால் ஆபத்தில்லை என்று நினைத்திருந்த கருப்பு பேஸ் ஆனது, பேஸாக இருந்த நீலம் நியூட்ரல் ஆனது. புதுக் கட்டடத்தில் பிரச்சினை குறைவு. பழைய கடைவீட்டையோ அலுவலகத்தையோ புதுப்பிக்கும்போது ஒரே ஜங்ஷன் பாக்ஸுக்குள் இரண்டு காலத்து ஒயர்களும் கிடக்கும். வகுப்பில் இதை ஒரு அட்டவணையாகக் காட்டி அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார்கள். ஏணியில் நிற்கும்போது யாரும் அட்டவணையை நினைத்துப் பார்ப்பதில்லை. “கருப்புன்னா நியூட்ரல்னு கைக்கே தெரியும் தம்பி. அதான் வம்பு” என்றார் அண்ணன்.

இரண்டு வருடத்துக்கு முன் அப்படி ஒரு பழைய கட்டடத்தில் அவர் ஏணியில் ஏறி சீலிங்குக்குள் இருந்த ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தார். மேல்மாடியிலிருந்து வாக்கி டாக்கியில் “ஆஃப் பண்ணியாச்சு” என்று வந்திருந்தது. ஃபோர்மேனும் தலையாட்டிவிட்டார். அண்ணன் ஆனாலும் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். 230 வோல்ட்.

அவர் கத்தவில்லை. மெதுவாக இறங்கி வந்து, ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கணக்கு எனக்குத் தானாக ஓடியது. வியர்வையில் ஊறிய உடம்புக்கு ஆயிரம் ஓம் என்று வைத்துக்கொண்டாலும் 230 மில்லியாம்பியர். பத்து மில்லியாம்பியருக்கு மேலேயே கை இறுகிப்போய் ஒயரை விடமுடியாமல் ஆகலாம். ஆர்சிசிபி காப்பாற்றும் என்று பலர் நம்புகிறார்கள். ஒரு கையில் பேஸும் மறு கையில் நியூட்ரலும் மாட்டிக்கொண்டால் காப்பாற்றாது. போன கரண்ட் அப்படியே திரும்பி வருவதால் ஆர்சிசிபிக்கு நடுவில் இருக்கும் மனிதனும் ஒரு பல்பும் ஒன்றுதான்.

என்ன நடந்தது என்று விசாரித்தோம். அந்த மாடியில் ஒன்றுக்கு மேல் டிபி இருந்தது. பல முறை புதுப்பித்த கட்டடம் என்பதால் இரண்டிலும் ஒரே பெயரில் லேபிள். ஹெல்ப்பர் ஆஃப் பண்ணியது உண்மை, ஆனால் அது பக்கத்து டிபி. ஃபோர்மேனிடம் கேட்டால், “பண்ணியாச்சுன்னு சொன்னாங்க.” வாக்கியில் பேசியவரிடம் கேட்டால், அவரும் “சொன்னாங்க.” யார் அந்த ‘ங்க’? ஒருவரும் பொய் சொல்லவில்லை. அறிக்கையில் ‘மின்சாரத்தைத் துண்டித்தவர் பெயர்’ என்ற கட்டம் மட்டும் நெடுநேரம் காலியாகவே இருந்தது.

தொடக்கக் கல்லூரியில் தமிழாசிரியர் ‘தோன்றா எழுவாய்’ நடத்தியபோது இது எதற்கு என்று நினைத்திருக்கிறேன். பாதுகாப்புப் பயிற்சியில் பூட்டும் டேகும் சொல்லித்தருவது இதற்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது. பிரேக்கரை ஆஃப் பண்ணி, அதில் சொந்தப் பூட்டை மாட்டி, பெயரும் போட்டோவும் போட்ட டேகைத் தொங்கவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் வாக்கியத்துக்கு எழுவாய் கிடைத்துவிடுகிறது. தமிழை மட்டும் குறை சொல்லக்கூடாது. எங்கள் சீன சூப்பர்வைசரின் சிங்லிஷில் அது “ஆஃப் ஆல்ரெடி.” அங்கேயும் ஆள் இல்லை. வங்காளத்திலும் அப்படிச் சொல்லும் வழி உண்டு என்று டாக்காவிலிருந்து வந்த நண்பர் சொன்னார்.

அதற்குப் பிறகு எங்கள் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் ‘ஆச்சு’வுக்குத் தடை போட்டோம். சொல்கிற ஆள் முழுசாகச் சொல்லவேண்டும்: “நான், மூணாம் மாடி கிழக்கு டிபி-ல ஏழாம் நம்பர் எம்சிபி-ய ஆஃப் பண்ணேன். பூட்டு என்னோடது. சாவி என்கிட்ட இருக்கு. டெஸ்ட் பண்ணேன், ஜீரோ.” டெஸ்ட் என்பதற்கும் ஒரு முறை வைத்தோம். கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்து டெஸ்டர் வேலை செய்கிறதா என்று பார்க்கவேண்டும், பிறகு வேலை செய்யப்போகும் ஒயரில், பிறகு மறுபடியும் கரண்ட் இருக்கும் இடத்தில். செத்துப்போன டெஸ்டரும் ஜீரோதான் காட்டும். முதல் வாரம் எல்லோருக்கும் சிரிப்பு. திருக்குறள் ஒப்புவிப்பது மாதிரி இருக்கிறது என்றார்கள். ஃபோர்மேனுக்கு நேரம் போகிறதே என்ற கவலை. வேலை தாமதமானால் மேலிடம் கேட்பது அவரைத்தானே, அதனால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

நான் எதிர்பார்க்காத தயக்கம் அண்ணனிடமிருந்து வந்தது. டீ பிரேக்கில் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். “தம்பி, சாவி யார்ட்டன்னு நீங்க எல்லாருக்கும் முன்னாடி கேக்குறீங்க. என்னய நம்பலைன்ற மாதிரி ஆகுதே.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “அதுவுமில்லாம, நான் பண்ணேன் நான் பண்ணேன்னு சொல்லிப் பழக்கமில்ல. பீத்திக்கிற மாதிரி இருக்கு” என்றார்.

இதை எந்த ஸ்லைடும் எனக்குச் சொல்லியிருக்காது. ‘பண்ணியாச்சு’வில் பணிவு இருக்கிறது. வேலையை முன்னால் நிறுத்திவிட்டு ஆள் ஒதுங்கிக்கொள்கிறார். அதில் ஒரு தற்காப்பும் இருக்கிறது. தப்பு நடந்தால் “நான்” என்று சொன்னவன்தான் முதலில் மாட்டுவான், அவன் வொர்க் பெர்மிட் முதலாளி கையில். இருபது வயது குறைந்த இன்ஜினியர் ஒரு மூத்தவரைப் பார்த்து “நீங்கதான் பண்ணீங்களா?” என்று கேட்பது எங்கள் வீட்டுப் பழக்கத்திலும் மரியாதையில்லாத பேச்சுதான்.

வழி சொன்னதும் அவரே. “நீங்களும் ஒரு பூட்டு போடுங்க. நான் உங்க சாவியக் கேக்குறேன், நீங்க என் சாவியக் கேளுங்க.” பல பூட்டு மாட்ட ஓட்டைகள் வைத்த கொக்கி ஸ்டோரில் கிடந்தது. அடுத்த நாளிலிருந்து, எந்த சர்க்யூட்டில் வேலையோ அதைப் பார்க்கப் போகிற ஒவ்வொருவரும் தன் பூட்டை அதில் மாட்டினார்கள். எனக்குச் சிவப்பு, அவருக்கு மஞ்சள். கடைசிப் பூட்டு கழன்றால்தான் பிரேக்கரைத் தொடமுடியும். காலையில் எல்லோர் முன்னாலும் முதலில் அவர் என்னைக் கேட்பார், “சார், உங்க சாவி?” நான் எடுத்துக் காட்டுவேன். அதற்குப் பிறகு யாரும் கூச்சப்படவில்லை.

அந்த ஸ்லைடையும் திருத்தி அனுப்பினேன். ‘தனிமைப்படுத்தவும்’ என்பதை அடித்துவிட்டு, “ஆஃப் பண்ணி, உங்க பூட்டைப் போட்டு, சாவியை நீங்களே வச்சுக்கோங்க” என்று எழுதியிருந்தேன். பேச்சுவழக்கு அதிகாரபூர்வ ஆவணத்துக்குப் பொருந்தாது என்று பதில் வந்தது. இரண்டு முறை எழுதிப் பார்த்தேன். நான் அங்கிருந்து கிளம்பும்வரை மின்சாரம் தனிமைப்படுத்தப்பட்டேதான் இருந்தது. எங்கள் டிபி அறைக் கதவில் மட்டும், அண்ணன் மார்க்கர் பேனாவால் அட்டையில் எழுதி ஒட்டியது தொங்கியது: “சாவி யார்ட்ட?”