40 நம்பர் பாடி

மஞ்சக்குட்டையில் அம்மா வயதுப் பெண்கள் பிராவை இன்னமும் ‘பாடி’ என்றுதான் சொல்கிறார்கள். அதை வாங்க ஒரு எண் போதும். சேலத்துக்குப் போகிறவர்களிடம் “36 நம்பர் ரெண்டு” என்று காதோடு சொல்லிவிட்டால், 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, செய்தித்தாளில் சுற்றி வந்து சேரும். உடம்பு போட்டால் அடுத்த நம்பர். அம்மாவுக்குக் கல்யாணத்தின்போது 34. எங்களைப் பெற்றபின் 36. ஐம்பதைத் தாண்டியதும் 40.

சிக்கலே அந்த ஒற்றை எண்ணில்தான். பிரா அளவு என்பது ஓர் எண்ணும் ஓர் எழுத்தும். எண், மார்புக்குக் கீழே விலாவைச் சுற்றி ஓடும் பட்டையின் அளவு. எழுத்து, கப்பின் அளவு. கீழ்ச் சுற்றளவுக்கும் மார்பின் முழுச் சுற்றளவுக்கும் ஒரு அங்குலம் வித்தியாசம் என்றால் ஏ, இரண்டு என்றால் பி, மூன்று சி, நான்கு டி. நம்மூர் கடைகளில் எழுத்தை யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் பி கப்தான் கைக்கு வரும்.

போன விடுமுறையில் அம்மாவுக்கு இஞ்ச் டேப் வைத்துப் பார்த்தேன். “இந்த வயசுல அளவெடுத்து யாருக்குடி காட்டப் போறேன்?” என்று நெளிந்தாள். கீழே 36, மேலே 40. அதாவது 36டி. 40பி-யின் கப்பும் 36டி-யின் கப்பும் கிட்டத்தட்ட ஒரே கொள்ளளவுதான். அதனால் முன்பக்கம் எந்தக் குறையும் தெரியவில்லை. பட்டை மட்டும் நான்கு அங்குலம் லூஸ்.

பாரத்தில் பெரும்பகுதியைத் தாங்க வேண்டியது அந்தப் பட்டை. அது தளர்ந்தால் முதுகில் மேலே ஏறும், முன்பக்கம் இறங்கும், தோள்பட்டியை இழுத்து இறுக்குவோம். அம்மாவின் இரண்டு தோளிலும் பள்ளம் விழுந்திருக்கிறது. “காப்பி மூட்டை தூக்குனதுல வந்தது” என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.

மாதவிடாய் நின்றபின் மார்பில் சுரப்பித் திசு குறைந்து கொழுப்பு கூடுகிறது. தோலின் இழுவிசையும் குறைகிறது. எடை ஏறாவிட்டாலும் வடிவம் மாறும். இளவயதைவிடத் தாங்கல் அதிகம் தேவைப்படுகிற வயது அது. அந்த வயதில்தான் “இனிமே என்ன” என்று விட்டுவிடுகிறோம்.

தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் அடிபட்டிருக்கிறார்கள். 1859-இல்தான் அரசு இறங்கிவந்து ரவிக்கை போட அனுமதித்தது. மறைப்பது அவ்வளவு பெரிய விஷயமாக இருந்த மண் இது. தாங்குவது பற்றிப் பேச நமக்கு இன்னும் வாய் வரவில்லை.

சேலத்தில் இரண்டு கடையில் 36டி கிடைக்கவில்லை. ஆன்லைனில் வாங்கினேன். கடைசிக் கொக்கியில் மாட்டச் சொன்னேன். புதிதில் அந்தத் தளர்வான கொக்கியிலேயே பொருந்த வேண்டும். எலாஸ்டிக் தளரத் தளர உள்கொக்கிக்குப் போகலாம். பட்டைக்குள் இரண்டு விரல் நுழைந்தால் சரி. பிறகு காப்பிக் கிளையை வளைப்பதுபோல் கையைத் தூக்கச் சொன்னேன். பட்டை ஏறவில்லை.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் தோட்டத்திலிருந்து வந்தவள், “டேப்ப எடுத்துட்டுப் போயிடாத, சித்தி நாளைக்கு வர்றா” என்றாள்.