இது எதை இழுத்த பம்ப்?

கோயம்புத்தூரில் பம்ப் என்றால் தண்ணீர் பம்ப்தான். கிணற்றுக்கும் ஆழ்துளைக்கும் மோட்டார் செய்து பேர் வாங்கிய ஊர் அது. காற்றை இழுக்கும் வேக்குவம் பம்பைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்கள் அங்கேயும் குறைவு. கணபதியில் லேத் பட்டறைகள் நெருங்கிக் கிடக்கும் ஒரு சந்தில் அப்படி ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். வீட்டுப் பட்டறையில் சிலிக்கான் ரப்பர் அச்சு எடுக்கிறேன். கலவைக்குள் சிக்கும் காற்றுக் குமிழ்களை வெளியேற்ற ஒரு சின்னப் பம்ப் வேண்டும்.

யார் வந்தாலும் பெரியவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "எதை இழுக்கப் போறீங்க தம்பி?"

அலமாரியைக் காட்டிய பிறகு அந்தக் கேள்வியின் நியாயம் புரிந்தது. மேல் தட்டில் ஆஃப்செட் அச்சு எந்திரங்களிலிருந்து வந்த பம்புகள். கார்பன் பிளேடு, எண்ணெய் கிடையாது. தாளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுத்தவை. நிறையக் காற்றை இழுக்கும், ஆழமாக இழுக்காது. பலகையில் வெனீர் ஒட்டி அழுத்துபவருக்கு அது போதும். கீழே வாட்டர் ரிங் பம்புகள். ஈரத்துக்கு அஞ்சாது, ஆனால் உள்ளே சுழலும் தண்ணீரே ஆவியாவதால், 25 டிகிரி வெப்பத்தில் சுமார் 24 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்துக்குக் கீழே இறங்காது. எனக்கானது தரையில் இருந்த எண்ணெய் ரோட்டரி பம்ப். 1 மில்லிமீட்டருக்கும் கீழே சுலபமாக இறங்கும்.

பழைய பம்ப் வந்ததும் மோட்டாரை ஓட்டிப் பார்க்கமாட்டார்கள். முதலில் எண்ணெயை வடிப்பார்கள். அது அங்கே வேலை செய்யும் ஓர் அக்காவின் பொறுப்பு. கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பார்க்கிறார். வெள்ளையாகக் கலங்கியிருந்தால் ஈரம் போயிருக்கிறது. கறுத்திருந்தால் சூட்டில் வெந்திருக்கிறது. மினுமினுத்தால் உள்ளே இரும்பு தேய்கிறது. புளித்த நெடி அடித்தால் கெமிக்கல் லேபிலிருந்து வந்தது. அதைத் தனியே வைத்துவிடுவார். "ஆயிலைப் பாத்தாலே இது எங்க குடியிருந்துச்சுன்னு தெரிஞ்சுருமுங்க" என்றார்.

ஈரம் உள்ளே போய்த்தான் பல பம்புகள் சாகின்றன. இழுத்த நீராவி அழுத்தப்படும்போது மறுபடி தண்ணீராகி எண்ணெயில் கலந்துவிடும். இதற்கு 1935இல் ஜெர்மனியின் வொல்ஃப்காங் கேடே வழி கண்டார். கேஸ் பேலஸ்ட் என்ற சின்ன வால்வைத் திறந்தால் கொஞ்சம் வெளிக்காற்று சேர்ந்து, நீராவி தண்ணீராகும் முன்பே அதை வெளியே தள்ளிவிடும். பலருக்கு அந்தத் திருகு எதற்கென்றே தெரியாது. இறுக்கி மூடிப் பெயிண்டும் அடித்துக் கொண்டுவருவார்கள்.

பிரித்த ரோட்டரைப் பெரியவர் கையில் வாங்கிக் காடியில் விரல் ஓட்டினார். பிளேடை உள்ளே விட்டால் தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும், பக்கவாட்டில் ஆடக்கூடாது. தேய்ந்த பக்கத் தகட்டைச் சமதள மேடையில் எமரித் தாள் விரித்து எட்டுப் போட்டுத் தேய்க்கிறார். சீல் மாற்றிப் புது எண்ணெய் ஊற்றி, வாயை அடைத்து ஓட்டுகிறார். முதலில் கொப்பளிப்பு, பிறகு சத்தம் மெலிந்து சீரான தட்டல். பம்ப் நன்றாகச் சூடேறும் வரை அவர் கேஜைப் பார்ப்பதேயில்லை.

கேஜ் விஷயத்தில் ஒரு சண்டையே நடந்திருக்கிறது. "ஊட்டிக்காரர் ஒருத்தர், 760 காட்டலைன்னு பம்பைத் திருப்பிக் கொண்டாந்துட்டாருங்க." அந்தக் கேஜ் காட்டுவது வெளியே இழுத்த காற்றின் அளவு. 760 மில்லிமீட்டர் என்பது கடல் மட்டத்துக் காற்றின் கணக்கு. 400 மீட்டருக்கு மேலிருக்கும் கோவையில் மொத்தக் காற்றழுத்தமே 725 அளவுதான். 2,200 மீட்டர் தாண்டிய ஊட்டியில் 580ஐ ஒட்டி நின்றுவிடும். இல்லாத காற்றை எந்தப் பம்பும் இழுக்காது.

மோட்டாரையும் பார்க்கச் சொன்னார். ஆலைப் பம்புகள் பெரும்பாலும் த்ரீ ஃபேஸ். வீட்டில் இருப்பது சிங்கிள் ஃபேஸ். மோட்டாரை மாற்றும் செலவு பம்பின் விலையோடு போட்டி போடும். த்ரீ ஃபேஸ் உள்ளவரும் வயரை மாற்றிக் கொடுத்துவிட்டால் பம்ப் பின்னோக்கிச் சுற்றி, எண்ணெயைக் குழாய் வழியே கலவை வைத்த பாத்திரத்துக்குள் தள்ளும்.

அந்தப் பாத்திரத்துக்குக் கண்ணாடி மூடி வைக்கலாமா என்றேன். முறைத்தார். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியின் மேல் வெளிக்காற்று ஏறத்தாழ 700 கிலோ எடையோடு உட்காரும். தடித்த அக்ரிலிக்தான் சரி என்றார். பாத்திரத்தில் கால்பங்குக்கு மேல் சிலிக்கானும் ஊற்றக்கூடாது. காற்று வெளியேறும்போது பால் பொங்குவதுபோல் எழும்பிக் குழாய்க்குள் போய்விடும்.

ஏசி மெக்கானிக்குகள் வைத்திருக்கும் புதுப் பம்பே உங்கள் வேலைக்குப் போதும் என்று அவரே சொன்னார். சிங்கிள் ஃபேஸ், தூக்க எளிது, உத்தரவாதமும் உண்டு. உண்மைதான். ஆனாலும் கல்லூரி ஆய்வகத்திலிருந்து வந்த ஒரு பழைய சிங்கிள் ஃபேஸ் பம்பைத்தான் எடுத்தேன். அதன் எண்ணெய் தெளிவாக வடிந்ததைப் பார்த்தேன். நாளை சீல் போனால் கொண்டுபோய்க் கொடுக்க இந்தப் பட்டறை இருக்கிறது. பில்லில் சீலுக்கும் எண்ணெய்க்கும் தனித்தனி விலை இருந்தது. அந்த அக்காவின் பார்வைக்கும் பெரியவரின் காதுக்கும் சேர்த்து 'கூலி' என்று ஒரே வரி. இப்படியொரு பட்டறை எட்டும் தூரத்தில் இல்லாதவர்கள் புதிதே வாங்கிக்கொள்ளலாம்.